நிகழ்காலம், நம்பிக்கை, கனவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒருமுறை மாலையில் கூடிப் பேசும் சிறு வட்டம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. நிகழ்காலத்தில் வாழ், நேர்மறையாக நினை, கனவைத் துரத்து என்ற மூன்று அறிவுரைகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைக் கண்டு குழம்பி வருகிறவர்களே அதிகம். பதில்களை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவனும் இல்லை, உளவியலில் பட்டம் வாங்கியவனும் இல்லை. ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைப் பிடித்துக்கொண்டே போகின்றன.

1. நிகழ்காலத்தில் வாழுங்கள் என்கிறார்கள். எல்லோரும் நிகழ்காலத்தில்தானே இருக்கிறோம்? இதற்கு என்னதான் அர்த்தம்?

உடம்பு நிகழ்காலத்தில்தான் இருக்கிறது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை. கவனம்தான் ஊர் சுற்றுகிறது. கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும். மனம் நேற்று மேலாளர் சொன்ன ஒரு சொல்லை ஏழாவது முறையாகத் துலக்கிக்கொண்டிருக்கும். கை இருக்கும் இடத்தில் கவனமும் இருப்பதைத்தான் இப்படிப் பெரிய வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரைக் கைப்பேசி வழியாக நாளின் பல நேரங்களில் திடீரென்று அழைத்து, இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறத்தாழ 47 சதவீத நேரம், செய்கிற வேலையில் மனம் இல்லை. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. இனிமையான விஷயத்தை நினைத்து அலைந்த மனம்கூட, கையிலிருக்கும் வேலையில் ஒன்றியிருந்த மனத்தைவிட மகிழ்ச்சியாக இல்லை. கசப்பானதை நினைத்து அலைந்த மனத்தின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

2. அப்படியானால் நாளையைப் பற்றி யோசிக்கவே கூடாதா? எனக்குக் குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது.

தாராளமாக யோசியுங்கள். திட்டமிடுவதும் இப்போது செய்கிற ஒரு வேலைதான். உட்கார்ந்து, தாளை எடுத்து, அடுத்த மாதத் தவணைக்கு வழி தேடினால் உங்கள் கவனம் முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதுவும் நிகழ்காலமே.

திட்டத்தையும் கவலையையும் பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்றை வைத்திருக்கிறேன். கடந்த பத்து நிமிட யோசனையில் புதிதாக ஏதாவது கிடைத்ததா? ஒரு தேதி, ஒரு தொகை, யாரிடம் பேச வேண்டும் என்ற ஒரு பெயர், ஏதாவது ஒன்று? கிடைத்திருந்தால் அது திட்டம். ஒன்பது மணிக்கு ஓடிய அதே காட்சி பத்து மணிக்கும் மாறாமல் ஓடினால் அது கவலை. செக்குமாடு நாள் முழுக்க நடக்கிறது. ஊர் போய்ச் சேர்வதில்லை.

3. கண்ணை மூடி உட்கார்ந்தால் எண்ணங்கள் இன்னும் அதிகமாக வருகின்றன. எனக்கு இது வராதோ?

எண்ணத்தை விரட்டப் பார்க்கிறீர்கள், அதனால் வருகிறது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்க வேண்டாம் என்றார்; நினைவு வந்தால் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அடக்கிய எண்ணம் வட்டியோடு திரும்புகிறது.

மனம் ஓடியதைக் கவனித்து, திட்டாமல், மறுபடி மூச்சுக்கோ கையில் உள்ள வேலைக்கோ அழைத்து வருவதுதான் பயிற்சி. இருபது முறை ஓடினால் இருபது முறை பயிற்சி கிடைத்தது என்று கணக்கு வையுங்கள். 1979இல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய முழுக்கவனப் பயிற்சி எட்டு வாரங்கள் நீளும். முதல் வாரத்திலேயே மனம் கட்டுப்படும் என்று அங்கும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரிய அதிர்ச்சிகளைக் கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடி அமர்வது பழைய காட்சிகளைக் கிளறிவிடலாம். அவர்கள் தனியாக முயல வேண்டாம். உட்காருவதே பிடிக்கவில்லை என்றால் நடக்கும்போது பாதத்தைக் கவனியுங்கள், போதும்.

4. எதிர்காலம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. பழைய தவறு ஒன்றுதான் விடமாட்டேன் என்கிறது. அதற்கு என்ன வழி?

எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களைப் பாதித்த சம்பவத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவுக்காக மருத்துவரிடம் போனது குறைந்தது. பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டிய தவறாக இருந்தால் இந்த வைத்தியம் பாதிதான், போய்க் கேட்டுவிடுங்கள்.

5. நேர்மறைச் சிந்தனை என்றால் எது நடந்தாலும் சிரித்துக்கொண்டே இருப்பதா?

அப்படிச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். மார்ட்டின் செலிக்மன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது முகபாவத்தை அல்ல. கெட்டது நடந்தபின் நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் காரணத்தை. தேர்வில் தோற்ற இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் மண்டு, எனக்கு எதுவுமே வராது, எப்போதும் இப்படித்தான்' என்கிறார் ஒருவர். 'இந்தத் தாளில் கடைசி இரண்டு பாடங்களை விட்டுவிட்டேன்' என்கிறார் இன்னொருவர். முதலாமவர் ஒரு தோல்வியை ஆயுள் முழுக்கவும், தன் எல்லாத் திறமைகளின் மீதும் படரவிடுகிறார். இரண்டாமவர் அதை அந்தத் தாளோடு நிறுத்துகிறார்.

இருவருக்கும் வருத்தம் உண்டு. இரண்டாமவர் அழவும் செய்யலாம். ஆனால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கிறது. நேர்மறைச் சிந்தனையில் நான் மதிக்கும் பகுதி இதுதான்.

6. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன், எல்லோரும் விரும்பும் மனிதன்' என்று சொல்கிறேன். பலன் உண்டா?

ஏற்கெனவே தன்மேல் நல்ல மதிப்பு உள்ளவருக்குச் சிறிது உண்டு. உண்மையில் தேவைப்படுகிறவருக்குத்தான் சிக்கல். 2009இல் ஜோயேன் வுட் குழுவினர் செய்த ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரிய மனிதன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்ல உள்ளே ஒரு குரல் ஆதாரத்தோடு மறுக்கிறது. வழக்கில் அதுதான் ஜெயிக்கிறது.

மனம் மறுக்க முடியாத வாக்கியத்தைச் சொல்லுங்கள். 'நேற்று அரை மணி நேரம் படித்தேன், இன்றும் படிக்க முடியும்.' கேட்க எடுப்பாக இருக்காது. ஆனால் பொய் இல்லை.

7. விரும்பியதை மனதில் தெளிவாகப் படம்போல் பார்த்தால் அது தானாக நடக்கும் என்கிறார்களே?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். கேப்ரியேலே எட்டிங்கன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்துவருகிறார். 1991இல் வெளியான ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஓராண்டு தொடர்ந்தார். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. மெலிந்த உடலோடு உலா வரும் காட்சியை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. 2002இல் வெளியான இன்னொன்றில், பட்டப்படிப்பை முடித்து வேலை தேடியவர்களை இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார். நல்ல வேலையில் அமர்ந்துவிட்டதாக அடிக்கடிக் கனவு கண்டவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். வந்த வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு.

எதிர்பார்ப்பு வேறு, கற்பனை வேறு. எதிர்பார்ப்பு, இதுவரை செய்ததை வைத்து முடியும் என்று கணிப்பது. கற்பனை, முடிந்துவிட்டதாக அனுபவிப்பது. 2011இல் வெளியான ஆய்வொன்றில், இன்பமான எதிர்காலக் கற்பனைக்குப் பிறகு பங்கேற்றவர்களின் ரத்த அழுத்தம் சற்றுத் தணிந்தது. அதாவது உடம்பு, வேலை முடிந்தது என்று ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. சமைக்கும் முன்பே உண்ட களைப்பு வந்தால் அடுப்பை யார் மூட்டுவது? நம் முன்னோர் இதற்கு 'மனக்கோட்டை' என்று பெயர் வைத்தபோது கோட்டைக்கு வாசல் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படம் பார்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்வுக்கு முன் ஒரு குழு மாணவர்கள் உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழும் காட்சியைத் தினமும் ஐந்து நிமிடம் கற்பனை செய்தார்கள். இன்னொரு குழு, தாங்கள் உட்கார்ந்து படிக்கும் காட்சியைக் கற்பனை செய்தது. இரண்டாம் குழுதான் அதிகம் படித்தது, அதிக மதிப்பெண்ணும் பெற்றது.

8. சரி, கனவும் காணக் கூடாது, கண்ணாடியும் பார்க்கக் கூடாது. என்னதான் செய்வது?

கோபம் நியாயம்தான். எட்டிங்கன் சொல்லும் வழி நான்கு படிகளைக் கொண்டது. விருப்பம் என்ன? அது நிறைவேறினால் எதை உணர்வேன்? அதைத் தடுக்கும், எனக்குள்ளேயே இருக்கும் பெரிய தடை எது? அந்தத் தடை வரும்போது என்ன செய்வேன்? முதல் இரண்டோடு நின்றால் மனக்கோட்டை. மூன்றாவதில் மட்டும் உழன்றால் புலம்பல். விருப்பத்தையும் தடையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் மனம் வேலைக்குக் கிளம்புகிறது.

நான்காவது படியை 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்ற வடிவில் எழுத வேண்டும். இது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் பங்களிப்பு. இதைப் பற்றிய 94 ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்ததில் பலன் தெளிவாகத் தெரிந்தது. 'தினமும் வரைவேன்' என்பது ஆசை. 'இரவு சாப்பிட்டு எழுந்ததும் கை கைப்பேசியைத் தேடினால், அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வரைதாளை எடுப்பேன்' என்பது ஏற்பாடு. தடை வெளியிலிருந்து வருவதாகவே எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்: நேரமில்லை, ஆதரவில்லை. அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நேரம் இருந்த அன்று நடந்தது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் அந்தக் கைப்பேசி வந்து நிற்கிறது. நேற்று மாலை என்னிடமும் அதுதான் வந்து நின்றது.

9. நான் எப்போதும் மோசமானதை எதிர்பார்க்கிறவள். அதனால்தான் ஒழுங்காகத் தயாராகிறேன் என்று நினைக்கிறேன். மாறியே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஜூலி நோரம் இதைத் தற்காப்பு அவநம்பிக்கை என்று சொல்லி 1980களிலிருந்து ஆராய்ந்துவருகிறார். என்னென்ன தவறலாம் என்று யோசித்து ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்துக்கொள்கிறவர்கள் நன்றாகவே செயல்படுகிறார்கள். 'கவலைப்படாதே' என்று அவர்களைச் சமாதானப்படுத்தினால்தான் தடுமாறுகிறார்கள். இரண்டாம் பதிலில் உள்ள சோதனையை மட்டும் அவ்வப்போது செய்துகொள்ளுங்கள்.

10. நோயில் படுத்திருக்கும் உறவினரிடம் 'பாசிட்டிவாக இருங்கள், குணமாகிவிடும்' என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தவறாகச் சொல்லிவிட்டேனா?

நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் கேட்டவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள்: குணமாகாவிட்டால் நீ சரியாக நினைக்கவில்லை என்று பொருள். வலியோடு பழியும் சேர்ந்துகொள்கிறது. 2007இல் ஜேம்ஸ் கோய்ன் குழுவினர், தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கை அன்றைய பொழுதை எளிதாக்கலாம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வைக்கலாம். கட்டியைக் கரைக்கும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது.

'பயமாக இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்காருங்கள். இழவு வீட்டுக்கும் இதுவே பொருந்தும். 'எல்லாம் நன்மைக்கே' என்ற வாக்கியத்தை அன்று மட்டுமாவது வாசலிலேயே கழற்றி வைத்துவிடலாம்.

11. எல்லோரும் கனவைத் துரத்து என்கிறார்கள். எனக்கு என்ன கனவு என்றே தெரியவில்லையே?

ஒரே பெரிய கனவு எல்லோருக்கும் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்து, செய்கிற வேலையைச் செவ்வனே செய்து, பிடித்தவர்களோடு பொழுது கழிப்பவருக்கு எதையோ இழந்துவிட்டதாகக் குற்றவுணர்ச்சி ஊட்டுவது அநியாயம்.

ஏதோ உறுத்துகிறது, ஆனால் பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால், உங்கள் பொறாமையைக் கவனியுங்கள். யார் கார் வாங்கினாலும் கலங்காத நீங்கள், ஒருவர் மேடையேறிப் பாடினால் மட்டும் அன்று இரவு சரியாகத் தூங்குவதில்லை என்றால், விடை அந்தப் பக்கம் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஆறு வகுப்புகள் போய்ப் பாருங்கள். பாடுவது பிடிக்கிறதா, கைதட்டல் மட்டும் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

12. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். 30 நாள் ஆயிற்று, இன்னும் இழுத்துப் பிடித்துத்தான் செய்கிறேன்.

அந்த 21 ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் விட்டுச்சென்றது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ், அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆவதாக 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 2010இல் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்கான இடைநிலைக் கணக்கு (பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. உங்களிடம் குறை எதுவும் இல்லை. காலண்டரைத்தான் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள்.

13. கனவை எல்லோரிடமும் சொல்லிவிட்டால், சொன்ன வாக்கைக் காப்பாற்றவாவது செய்வோம் அல்லவா?

சில சமயம் நேர்மாறாக நடக்கிறது. 2009இல் கோல்விட்சர் குழுவினர் கண்டது: 'நான் வழக்கறிஞர் ஆகப்போகிறேன்' என்பதுபோல் தன் அடையாளத்தோடு ஒட்டிய நோக்கத்தைப் பிறர் அறிந்துகொண்டதும், அதற்கான உழைப்பு குறைந்தது. பாராட்டு முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஏழாம் பதிலில் சொன்ன உண்ட களைப்புதான் இதுவும். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், தலையாட்டுபவரை விட்டுவிட்டு, 'இந்த வாரம் எத்தனை பக்கம்?' என்று கேட்பவரைப் பிடியுங்கள்.

14. போட்ட திட்டப்படி எதுவும் முடிவதில்லை. நான் சோம்பேறியா?

மனிதர், அவ்வளவுதான். 1994இல் வெளியான ஆய்வொன்றில் உளவியல் மாணவர்களிடம், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான கணிப்பையும் தாண்டி நிஜம் போய் நின்றது.

திட்டம் போடும்போது மனதில் ஓடுவது தடையில்லாத ஒரு படம். காய்ச்சலும் விருந்தாளியும் அதில் வருவதில்லை. போன முறை இதுபோன்ற வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். அதுதான் இந்த முறைக்கும் கணக்கு. 'இந்த முறை வேறு மாதிரி' என்று தோன்றும். போன முறையும் அப்படித்தான் தோன்றியது.

15. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகக் கனவில் இறங்கலாமா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தால் எதுவும் உருப்படாது என்கிறார் நண்பர்.

நண்பரின் பழமொழி நன்றாக இருக்கிறது. 'இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே' என்று எதிர்த்திசையிலும் ஒன்று இருக்கிறது. பழமொழிகளை மோதவிட்டால் எப்போதும் சமன்தான். தரவைப் பார்ப்போம். அமெரிக்காவில் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களின் தொழில் மூடப்படும் வாய்ப்பு, எடுத்த எடுப்பிலேயே வேலையை உதறியவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

ஐன்ஸ்டைன் 1905இல் இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளை எழுதியபோது பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் ஊழியர். எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922இல் உடல்நலம் கெட்டு ஓய்வு பெறும்வரை, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார்; அந்த வேலையை அவர் திட்டாத நாள் குறைவு. சம்பளம் வருகிற இடம் இருந்தால், கனவு உடனே சோறு போட வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாதபோது அது கொஞ்சம் நேர்மையாகவும் வளர்கிறது. விடலாம் என்று எப்போது சொல்வேன்? கனவு வேலைக்கு ஏற்கெனவே ஆட்கள் காசு கொடுக்கத் தொடங்கி, நேரம் ஒன்றுதான் தடையாக இருக்கும்போது.

16. வயது கடந்துவிட்டது. இனி என்ன கனவு?

78ஆவது வயதை ஒட்டி ஓவியத்தில் தீவிரமாக இறங்கி, 101 வயது வரை வாழ்ந்து பெரும்புகழ் பெற்ற மோசஸ் பாட்டியை இந்த இடத்தில் எல்லோரும் இழுப்பார்கள். உண்மைக் கதைதான். ஆனால் 78 வயதில் தூரிகை எடுத்துப் புகழ் பெறாதவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை என்பதும் உண்மை. அதனால் அவரைக் காட்டி உங்களை ஏமாற்ற மாட்டேன். சில கதவுகள் மூடித்தான் விட்டன; ஓட்டப்பந்தய வீரராக முடியாது.

கேட்க வேண்டியது வேறு: புகழ் வராது என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், அப்போதும் இதைச் செய்ய ஆசையா? ஆம் என்றால் வயது குறுக்கே நிற்கவில்லை.

17. எவ்வளவு காலம் முயன்றபின் கைவிடலாம்? விட்டால் கோழை, விடாவிட்டால் முட்டாள் என்கிறார்கள்.

இதுவரை போட்ட பணத்தையும் ஆண்டுகளையும் காரணமாகக் காட்டாதீர்கள். அது போனது போனதுதான். 1985இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பருவத்தின் நாடகங்கள் எல்லாவற்றுக்கும் செல்லும் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், அதே சீட்டைத் தள்ளுபடியில் பெற்றவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் கையைப் பிடித்து இழுத்து வந்தது. பத்து ஆண்டு உழைத்துவிட்டேனே என்பவரின் கையையும் அதுதான் பிடித்திருக்கிறது.

அதே நேரம், செய்ததற்காக வரும் வருத்தம் சீக்கிரம் ஆறிவிடுகிறது, செய்யாமல் விட்டதற்காக வருவதுதான் நாள்பட நிற்கிறது என்று 1990களில் கிலோவிச், மெட்வெக் என்ற இருவர் காட்டினார்கள். ஆகவே, முயலாமலே விடாதீர்கள். முயலத் தொடங்கும் அன்றே நிறுத்தும் நிபந்தனையையும் எழுதிவையுங்கள். 'இரண்டு ஆண்டு, இத்தனை முயற்சி, இவ்வளவு சேமிப்பு. அதற்குள் இந்த அறிகுறி தெரியாவிட்டால் நிறுத்துவேன்.' மனம் தெளிவாக இருக்கும் நாளில் எழுதிய நிபந்தனை, சோர்ந்த நாளின் அவசரத்திலிருந்தும் வெறிபிடித்த நாளின் பிடிவாதத்திலிருந்தும் காப்பாற்றும். எட்டாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ள முடிகிறவர்களுக்கு மனநலம் மேம்பட்டிருப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. பற்றிக்கொள்ள வேறொன்று வேண்டும் என்பதைக் கவனிக்கவும்.

18. கனவு எதிர்காலத்தில் இருக்கிறது. நீங்களோ நிகழ்காலத்தில் இரு என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

எங்கள் வட்டத்தில் நிறைய நேரத்தை விழுங்கிய கேள்வி. என் கதையைச் சொன்னால் எளிதாக இருக்கும். இருபத்தைந்து வயதிலிருந்து நாவலாசிரியர் ஆக வேண்டும் என்பது என் கனவு. வெளியீட்டு விழாவில் யார் முன்வரிசையில் உட்காருவார்கள் என்பதுவரை முடிவு செய்திருந்தேன். ஏழு ஆண்டுகளில் எழுதியது நாற்பது பக்கம். ஒருநாள் உண்மை உறைத்தது. எனக்கு நாவலாசிரியர் ஆக ஆசை இருந்தது. நாவல் எழுத ஆசை இல்லை. அதே ஆண்டுகளில், நண்பர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுக்க உட்கார்ந்தால் விளக்கு ஏற்ற மறந்து இருட்டும்வரை உட்கார்ந்திருப்பேன். அதை ஒரு கனவாக நான் எண்ணியதே இல்லை, ஏனென்றால் அதற்கு விழா கிடையாது.

கனவு எதிர்காலத்தில் இருக்கலாம். அதற்கான வேலை ஏதாவது ஒரு சாதாரண நாளில்தான் நடக்கிறது. வேலையில் கரைந்து நேரம் போவது தெரியாமல் இருக்கும் நிலையை மிஹாய் சீக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். வேலையின் கடினமும் நம் திறமையும் ஏறத்தாழச் சரிசமமாக இருக்கும்போது அது வாய்க்கிறது. அப்போது நீங்கள் முழுக்க நிகழ்காலத்தில் இருக்கிறீர்கள். கனவை நோக்கியும் நகர்கிறீர்கள். சிகரத்தை ஒருமுறை பார்த்துத் திசையை உறுதி செய்துகொண்டு, பிறகு காலடியைப் பார்த்து நடப்பது போல. சிகரத்தையே பார்த்து நடப்பவர் கல் தடுக்கி விழுவார்.

கிடைத்த பிறகு மகிழ்ந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிடைத்ததற்கு நாம் விரைவில் பழகிவிடுகிறோம். பதவி உயர்வின் இனிப்பு எத்தனை மாதம் நாவில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பயணம் பத்து ஆண்டு, கைதட்டல் ஒரு மாலை என்றால், பத்து ஆண்டு எப்படிக் கழியும் என்பதை வைத்தே கனவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

19. இரண்டு வேலை பார்த்து வயிற்றைக் கழுவுகிறவரிடம் போய் 'கனவு காண், நேர்மறையாக இரு' என்பது கொடுமை இல்லையா?

கொடுமைதான். வாடகை கட்ட முடியாத நிலைக்குச் சிந்தனை காரணம் இல்லை. சிந்தனையால் அது தீரவும் தீராது. இந்த வகை அறிவுரையில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இங்கேதான். வென்றவர் தன் வெற்றிக்குத் தன் எண்ணமே காரணம் என்று சொல்லத் தொடங்கும்போது, தோற்றவருடைய தோல்விக்கும் அவர் எண்ணமே காரணம் என்று தானாக ஆகிவிடுகிறது. பிறந்த வீடு, கிடைத்த கல்வி, நோயில்லாத உடம்பு, சரியான நேரத்தில் கைகொடுத்த ஒருவர், இவையெல்லாம் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

அப்படிப்பட்டவரிடம் நான் அறிவுரை சொல்வதில்லை. குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளவா, விண்ணப்பத்தை நிரப்பித் தரவா என்று கேட்கலாம்.

20. இதில் சொன்ன எதையும் செய்ய மனம் வரவில்லை. எதிலும் ஈடுபாடு இல்லை. தூக்கமும் சரியில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நேரம் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கைமுறிவை நேர்மறைச் சிந்தனையால் ஒட்டவைக்க மாட்டோம். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே நம்பிக்கையான ஒருவரை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவ உதவியை நாடுங்கள்.

21. நீங்கள் இதையெல்லாம் கடைப்பிடிக்கிறீர்களா?

இந்தக் கேள்வி பதில்களை எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆகும் என்று நினைத்தேன். 14ஆம் பதிலை எழுதிய அன்று ஏழாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. 3ஆம் பதிலை எழுதும்போது அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. கைப்பேசி மட்டும் இன்று அடுத்த அறையில் இருக்கிறது.